விளக்கெரியும் பலகை

ஆண்டு விழா மலர் என்றால் கோயில் வரலாறும் புலவர் வரலாறும் இடம்பெறுதல் நம் சங்கத்து வழக்கம். இவ்வாண்டு ஒரு பலகையின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். நம் குழந்தைகளுக்கு மரத்தையும் பறவையையும் அறிமுகம் செய்துவைக்கும் பலகை அது. அதற்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

பலகையைக் கொண்டு பாடம் புகட்டுதல் நமக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் பாட்டியாரோடு அமர்ந்து பரமபதம் ஆடாத குடும்பம் நம்முள் அரிது. நற்செயல் ஏணியாய் உயர்த்தும். தீச்செயல் பாம்பாய் விழுங்கும். உபதேசம் செய்யாமலேயே அறத்தை உணர்த்திய பலகை அது. கேட்டு மறந்த பாடங்கள் பல. ஆடிக் கற்ற பாடமோ நெஞ்சை விட்டு அகல்வதில்லை.

மின்சாரம் வந்தபின் இப்பலகை புதுக் கோலம் பூண்டது. இடப்புறம் வினாக்கள், வலப்புறம் விடைகள். ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆணி. பலகையின் பின்புறத்தில் வினாவின் ஆணியும் அதற்குரிய விடையின் ஆணியும் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். மின்கலமும் சிறு விளக்கும் கோத்த கம்பியின் ஒரு முனையை வினாவிலும் மறுமுனையைச் சரியான விடையிலும் குழந்தை வைத்தால் மின்னோட்டம் முழுமை பெற்று விளக்கு எரியும். தவறினால் எரியாது. மேனாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்துவிட்டது. அமெரிக்க உளவியலறிஞர் சிட்னி பிரெஸ்ஸி, சரியான பொத்தானை அழுத்தினால் மட்டுமே அடுத்த வினாவுக்கு நகரும் பொறியொன்றைச் செய்து, அதைப் பற்றி 1926ஆம் ஆண்டில் கட்டுரை எழுதினார். அடிக்காமலும் அதட்டாமலும் பிழையைச் சுட்டும் ஆசிரியர் இவ்வாறு பிறந்தார்.

பொருட்காட்சி சாலைகளும் இந்நெறியைத் தழுவின. 'தொடாதே' என்னும் பலகை தொங்கிய இடத்தில் 'தொட்டுப்பார்' என்னும் அழைப்பு வந்தது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1925ஆம் ஆண்டு புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட டாய்ச்சஸ் மியூசியம் இதற்கு முன்னோடி. பார்ப்பவரே பொத்தானை அழுத்தவும் கைப்பிடியைச் சுழற்றவும் அங்கே வாய்ப்பிருந்தது. நம் நாட்டில் கல்கத்தாவின் பிர்லா தொழில்நுட்பப் பொருட்காட்சி சாலை 1959 மே 2ஆம் நாள் திறக்கப்பட்டது. நகருக்கு வர இயலாத கிராமத்துச் சிறார்க்காக 1965இல் பேருந்தொன்று காட்சிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு அவர்களிடமே சென்றது.

இயந்திரத்தை விளக்கிய பொத்தான் இயற்கையை விளக்க வந்த கதை, நாம் வாழும் இத்தில்லியோடு தொடர்புடையது. 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரில் உலக நாடுகள் சுற்றுச்சூழல் குறித்து மாநாடு கூட்டின. அவ்வாண்டிலேயே தலைநகரில் இயற்கை வரலாற்றுக்கென ஒரு பொருட்காட்சி சாலை வேண்டும் என்னும் எண்ணமும் உருப்பெற்றது. அது 1978 ஜூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று, மண்டி ஹவுஸ் அருகிலுள்ள ஃபிக்கி கட்டடத்தில் திறக்கப்பட்டது. காட்சிக் கூடங்களோடு சிறுவர்க்கென 'கண்டறியும் அறை' ஒன்றும் அங்கிருந்தது. கண்ணாடிக்குப் பின்னே காண்பதோடு நில்லாமல், பொருளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கும் உரிமையைக் குழந்தைகள் அங்கே பெற்றனர். நம் குடும்பங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றோர் உண்டு.

1984இல் ஆமதாபாத்தில் சுற்றுச்சூழல் கல்வி மையம் தோன்றியது. 1991 நவம்பரில், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பணித்தது. 2012இல் 16 பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று, நாட்டின் பல்லுயிர்ச் செல்வத்தை விளக்கும் காட்சிகளைச் சுமந்து தில்லியிலிருந்து புறப்பட்டது.

இவ்வளவும் வளர்ந்த பின், 2016 ஏப்ரல் 26ஆம் நாள் விடியுமுன்னர் மண்டி ஹவுஸ் பொருட்காட்சி சாலை தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 38 ஆண்டுகள் சேர்த்த செல்வம் ஓர் இரவில் கரியாயிற்று. செய்தி கேட்டு நாம் வருந்தியது கட்டடத்திற்காக அன்று. நம் பிள்ளைகள் தொட்டுப் பார்த்த பொருள்களை அவர்தம் பிள்ளைகள் தொட இயலாதே என்பதற்காகவே.

எனினும், பொருள் எரியலாம், முறை எரிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியிலேயே அப்பலகை ஒன்றைச் செய்து பார்த்தோம். ஒரு பலகை, சில ஆணிகள், கம்பி, டார்ச் பாட்டரி, சிறு பல்பு. செலவு சொற்பம். இடப்புறம் தமிழ்ப் பெயர், வலப்புறம் இந்திப் பெயர். வேம்புக்கு நீம், நாவலுக்கு ஜாமுன், புளிக்கு இம்லி, அரசுக்கு பீப்பல், மருதுக்கு அர்ஜுன். 'இவை நம் ஊர் மரங்கள் அல்ல' என்று எண்ணியிருந்த சிறுவன் ஒருவன், விளக்கு எரியக் கண்டு, 'தாத்தா ஊர் நாவல் மரமா நம் சாலையில் நிற்கிறது!' என்று வியந்தான். அவ்வோர் எரிப்பில் ஆயிரம் மைலுக்கும் அதிகமான தொலைவு மறைந்தது.

மற்றொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். அடுத்து, பறவைகளுக்காக ஒரு பலகை செய்தோம். குயில் எங்கே முட்டையிடும் என்ற வினாவுக்கு 'மரப்பொந்து' என்ற விடையில் விளக்கு எரிந்தது. பிள்ளைகள் பலரும் அதையே மனனம் செய்தனர். ஒரு சிறுமி மட்டும் ஒப்பவில்லை. 'எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். காக்கை தன் கூட்டருகே வந்த குயிலைத் துரத்திற்று. குயிலுக்கு அங்கேதான் வேலை' என்றாள். பலகையைத் திருப்பிப் பார்த்தோம். கிளிக்குரிய கம்பியையும் குயிலுக்குரிய கம்பியையும் பெரியவர்களாகிய நாமே மாற்றி முடிந்திருந்தோம். அவளிடம் நம் பிழையை ஒப்புக்கொண்டு கம்பியைத் திருத்தினோம்.

அன்று நாம் கற்றது இது. பலகை அறிவதில்லை, பின்னே கம்பி முடிந்தவர் அறிந்ததையே அது சொல்லும். இன்று பலகை கண்ணாடித் திரையாய் மாறி, தொட்ட மாத்திரத்தில் படமும் ஒலியும் தருகிறது. பின்னுள்ள கம்பியோ கண்ணுக்கே புலப்படுவதில்லை. ஆகவே பிள்ளைக்குப் பலகையும் வேண்டும். பலகையோடு வழக்காடும் துணிவும் வேண்டும். அத்துணிவைத் தருவது மாடியும் மரமும் காக்கையுமே.

எனவே பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே. இவ்விடுமுறையில் பிள்ளைகளோடு அமர்ந்து இத்தகைய பலகை ஒன்றைச் செய்யுங்கள். விளக்கு எரிந்ததும் அவர்கள் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லுங்கள். பலகை சொன்னது மெய்தானா என்று மரத்தடியில் நின்று அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும்.