பபியோலா அம்மையார்

கி.பி. நாலாம் நூற்றாண்டின் கடைக்கூற்றிலே உரோமாபுரியில் விவாகரத்து அரிதான செய்தியன்று. கொன்ஸ்தந்தீன் பேரரசர் 331ஆம் ஆண்டில் அதற்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தாரெனினும் வழக்கம் நின்றுவிடவில்லை. திருச்சபையோ, கணவன் மனைவியரை இணைக்கும் பிணைப்பு ஒருவர் இறக்குமளவும் அறாதென்று போதித்தது. இவ்விரு நெறிகளுக்குமிடையே அகப்பட்டு அல்லலுற்றோர் பலராதல் வேண்டும். அவர்களுட் பெயர் நிலைத்த ஒருவர் பபியோலா அம்மையார். கர்தினால் வைஸ்மன் 1854இல் வெளியிட்ட நவீனத்தின் தலைவியும் இப்பெயருடையாளே. ஆயின் அவள் கற்பனைப் பாத்திரம். ஈண்டுக் கூறப்படுபவர் வரலாற்றில் வாழ்ந்தவர்.

பழம்பெருமை வாய்ந்த பாபியர் குலத்திற் பிறந்த இவ்வம்மையாரை மணந்த கணவன் ஒழுக்கங்கெட்டவன். அவனோடு வாழ்தல் இயலாதெனக் கண்டு, அரச சட்டத்தின் துணைகொண்டு அவனை நீக்கினார். பின்னர், அவன் உயிரோடிருக்கையிலேயே வேறொருவரை மணந்தார். சட்டப்படி குற்றமில்லை, திருச்சபையின் கண்ணிற் குற்றமே. சில காலத்தில் இரண்டாங் கணவரும் இறந்தார். முதன்மணம் முறிந்த புண் ஒருபுறம், கைம்மைத் துயர் ஒருபுறம், மனச்சாட்சியின் உறுத்தல் மற்றொருபுறமாக அவர் தனித்து நின்றார்.

அப்பொழுது அவர் செய்ததை எவரும் அவர்மீது சுமத்தவில்லை. பாஸ்குத் திருநாளுக்கு முன்னர், உயர்குடிப் பெண்ணாகிய அவர் சாக்குடை தரித்து, கூந்தல் விரிந்து, இலாத்தரன் தேவாலயத்திலே தவஞ்செய்வோர் வரிசையில் ஊரறிய வந்து நின்றார். மேற்றிராணியாரும் குருமாரும் மக்களும் அவரோடு சேர்ந்து அழுதனரெனப் புனித ஜெரோம் எழுதுகிறார். இச்செய்தியைத் தவத்தின் கடுமைக்குச் சான்றாக மட்டும் கொள்வோர் அதன் பாதியையே காண்கின்றனர். வீட்டினுள் ஒளிந்து அழவேண்டிய ஒரு துயரம் ஓர் ஊரின் பொதுத் துயரமாயிற்று. அழுதவர்கள் பின்னர் அவரைத் தங்கள் நடுவே ஏற்றுக்கொண்டனர்.

இவ்வளவையும் அறிவிப்பது, ஓசியானு என்பவருக்கு ஜெரோம் 399ஆம் ஆண்டளவில் வரைந்த கடிதம். ஜெரோம் மென்மைக்குப் பெயர்போனவரல்லர். மறுமணத்தைச் சாடிய அவரது எழுத்துக்கள் பல. அத்தகையவர் இவ்வம்மையாருக்காக வழக்காடுகிறார். அரசர் சட்டம் வேறு, கிறிஸ்துவின் சட்டம் வேறு என்கிறார். ஆணின் ஒழுக்கக்கேட்டைப் பொறுத்துப் பெண்ணின் பிழையை மட்டும் தண்டிக்கும் உரோமை வழக்கைக் கண்டித்து, பெண்ணுக்குத் தகாதது ஆணுக்கும் தகாததே என வாதிக்கிறார். அக்காலத்திற்கு இது துணிவான பேச்சு.

தவம் முடிந்தபின் அம்மையார் தம் சொத்துக்களை விற்று ஒரு வைத்தியசாலை நிறுவினார். மேலைநாட்டில் நோயாளருக்கென எழுந்த முதற் பொது நிலையங்களுள் அது ஒன்று. வீதியிற் கிடந்த நோயாளரைத் தம் தோளிற் சுமந்து வந்தார். பிறர் பார்க்கவும் கூசிய புண்களைத் தம் கையாற் கழுவினார். பொருளை மட்டும் ஈந்து பணியை ஏவலாளரிடம் விடுதல் செல்வர் இயல்பு. அவர் அவ்வாறு செய்யவில்லை.

அக்காலத்தே உரோமாபுரியிற் பம்மாக்கியு என்னும் செனற்றரும் துயருற்றிருந்தார். அவர் மனைவி பவுலீனா இளவயதிலேயே காலமானாள். அவரது பள்ளித்தோழரான ஜெரோம், ஆறிவரும் புண்ணைக் கிளறிவிடுவோமோ என அஞ்சி, ஈராண்டு கழித்தே ஆறுதல் மடல் எழுதினார். பம்மாக்கியு மனைவியின் நினைவாக ஏழைகளுக்குப் புனித பேதுருவின் ஆலயத்தில் விருந்தளித்தார். செந்நிற ஆடையணிந்த செனற்றர்களிடையே மங்கிய உடையோடு நடமாடினார். உரோமையின் துறைமுகமாகிய போர்த்துவில் வழிப்போக்கருக்கு விடுதி அமைப்பதில் அவரும் பபியோலாவும் முதலிற் போட்டியிட்டு, பின்னர் ஒன்றுகூடி அதனை நிறைவேற்றினர். மணமுறிவு கண்டவர் ஒருவர், மனைவியை இழந்தவர் ஒருவர். இருவர் துயரும் ஒரே கட்டடமாயிற்று.

இவ்வரலாற்றில் மறைக்கக்கூடாத ஒன்றுண்டு. இரண்டாங் கணவர் இறந்தபின்னரே பபியோலாவுக்கு இவ்வழி திறந்தது. அவர் உயிரோடிருந்திருப்பின்? அவ்வினா இன்றும் முற்றாகத் தீரவில்லை. 1884இல் அமெரிக்க மேற்றிராணிமார் பால்ற்றிமோர் நகரிற் கூடி, விவாகரத்தின்பின் மறுமணஞ் செய்தோரைச் சபைவிலக்குக்கு உட்படுத்தினர்; அத்தண்டனை 1977இலேயே நீங்கிற்று. 1981இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அத்தகையோர் தம்மைத் திருச்சபைக்குப் புறம்பானவராகக் கருதலாகாதென்றார். எனினும் நற்கருணை பெறுதற்கிருந்த தடையைப் பொதுவில் நிலைநிறுத்தினார். 2016இற் பாப்பரசர் பிரான்சிஸ் ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனி ஆராய்ந்து அவர்களோடு உடன்நடக்குமாறு குருமாரைப் பணித்தார். அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் மேற்றிராணிமாரிடையே கருத்து வேற்றுமை எழுந்தது.

பபியோலா 395ஆம் ஆண்டளவிற் பெத்லகேம் சென்று ஜெரோமிடம் வேதநூல் பயின்றார். இஸ்ரவேலர் பாலைவனத்திற் பாளையமிறங்கிய நாற்பத்திரண்டு இடங்களின் பெயர்ப்பொருளை அவர் வினவியபோது, ஆசிரியர் விடை கூறத் தயங்கி, பின்னர் எழுதுவதாக வாக்களித்தார். ஊணர் படையெடுப்பால் அம்மையார் உரோமை மீள நேர்ந்தது. சில ஆண்டுகளில் அவர் இறந்தபொழுது நகர் முழுதும் அவரது இறுதி ஊர்வலத்திற் கூடிற்று. வாக்களித்த நூலை ஜெரோம் அதன் பின்னரே எழுதி முடித்து, அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.