கொல்லிமலைப் பாதையும் வாழவந்திக் கல்லறைகளும்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள புதுச்சத்திரம், தன் பெயராலேயே பழங்கால வழிப்போக்கரை நினைவூட்டும் ஊராகும். அங்கிருந்து கிழக்கே நோக்கின், சமவெளிக்கு அப்பால் கொல்லிமலை ஒரு நீண்ட மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால் மலைச்சாலை தொடங்குகிறது. எழுபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தை அது சேர்கிறது. இன்று பேருந்தில் அமர்ந்தபடியே ஏறிவிடுகிறோம். இம்மலைக்கு முன்னர் ஏறியவர் யாவர், எதற்காக ஏறினர் என்பதைத் திருப்பணியாளர் எண்ணிப் பார்ப்பது நலம்.

முதலாவது, இம்மலை வரலாறற்ற காடாக என்றும் இருந்ததில்லை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு இது. அவனைக் காரி கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு கூறுகிறது. செம்மேட்டில் அவ்வள்ளலுக்குச் சிலை உண்டு. ஆடித் திங்களில் விழாவும் எடுக்கப்படுகிறது. வளப்பூர் நாட்டிலுள்ள அறப்பளீசுவரர் கோயில் தேவாரத்திலேயே சுட்டப்பெறும் தொன்மையுடையது. கோயிலுக்கு அருகே படிகள் வழியாக இறங்கினால், ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஆகாயகங்கை அருவி வீழ்வதைக் காணலாம். சாமை, தினை, கேழ்வரகு பயிரிட்டு வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள், தம் நாடுகளையும் ஊர்ப் பெரியோரையும் தம் வழிபாட்டையும் உடையவர்கள். நற்செய்தி இங்கு வந்தபோது வெறுமையான மண்ணுக்கு வரவில்லை. நினைவுகள் நிறைந்த மண்ணுக்கே வந்தது.

அந்நற்செய்தி சாலை வழியாகவும் வரவில்லை. 1907இல் இந்தியாவுக்கு வந்த ஜெசி பிராண்ட், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்டு மிஷனைச் சேர்ந்தவர். 1913இல் ஈவ்லின் ஹாரிஸ் அம்மையாரை மணந்தபின் இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். அந்நாளில் ஒற்றையடிப் பாதையே வழி. நடக்க இயலாதவரை டோலியில் சுமந்தனர். அவர்கள் குடியிருந்த மரவீட்டின் பலகைகளும் தகரமும் சமவெளியிலிருந்து ஆட்களின் தலைச்சுமையாகவே மேலே சென்றன. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் இரவு தங்கத் தயங்கிய இடத்தில் அவர்கள் வீடு கட்டினார்கள் என்பது கருதத்தக்கது.

ஆயினும் பலன் எளிதில் கிட்டவில்லை. ஜெசி நோயாளிகளுக்கு மருந்திட்டார், பள்ளிகள் தொடங்கினார், பட்டுப்பூச்சி வளர்ப்பு போன்ற தொழில்களைக் கற்பித்தார், வரியாலும் கடனாலும் நசுக்கப்பட்ட மலைமக்களுக்காக அதிகாரிகளிடம் வாதாடினார். இத்தனைக்குப் பின்னும் பல ஆண்டுகள் எவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் கொடுங்காய்ச்சலில் வீழ்ந்தபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது. உற்றாரும் அணுக அஞ்சிய வேளையில் பிராண்ட் தம்பதியரே அவரைப் பேணினர். அவர் இறக்குமுன் தம் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்புவித்தார். சொற்பொழிவுகள் திறக்காத கதவை அந்நோய்ப்படுக்கை திறந்தது.

1923இல் மகன் பவுலும் மகள் கானியும் கல்விக்காக இங்கிலாந்தில் விடப்பட்டனர். 1929இல் ஜெசி, கருநீர்க் காய்ச்சல் எனப்படும் மலேரியாக் கொடுமையால் மலைமேலேயே காலமானார். தந்தி சென்றடைந்த பின்னரும், கப்பலில் மெல்ல வந்த தந்தையின் மடல்கள் பவுலின் கையில் சேர்ந்தன. மலையின் எழிலை விவரித்து, படைப்பில் படைத்தவரைக் கண்டு மகிழுமாறு மகனுக்கு எழுதிய சொற்கள் அவற்றில் இருந்தன. மலைக்காட்சி அவருக்கு வந்துபோவோரின் வேடிக்கையன்று. தம் உயிரைக் கேட்ட மண்ணையே அவர் அழகியதெனக் கண்டார். அம்மகனே பின்னர் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவைமருத்துவம் செய்து புகழ்பெற்ற டாக்டர் பவுல் பிராண்ட் (1914–2003).

ஈவ்லின் அம்மையாரின் வரலாறு இதனினும் வியப்புடையது. மிஷன் அவரைச் சமவெளியில் பணியாற்றப் பணித்தது. 68ஆம் வயதில் ஓய்வும் அளித்தது. ஓய்வுபெற்றவர் மீண்டும் மலையேறினார். கொல்லிமலையோடு நில்லாது கல்வராயன், பச்சைமலை முதலிய பிற மலைகளுக்கும் சென்றார். இடுப்பெலும்பு முறிந்த பின்னும் இரு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். குதிரையில் ஏறியும் ஊர்கள்தோறும் சென்றார். நரம்புச்சிலந்தி நோய், நோயாளி காலை நனைக்கும் நீரிலிருந்து பரவுவது. ஆதலால் கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்ப மக்களுக்குக் கற்பித்தார். அந்நோய் இந்தியாவில் அடியோடு ஒழிந்ததென 2000இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. மலைக்கிணறுகளில் அம்மையார் அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அப்போரைத் தொடங்கியிருந்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் இறந்த அவரது உடல், கணவரின் கல்லறைக்கு அருகே வாழவந்தியில் அடக்கம் பண்ணப்பட்டது.

வாழவந்தி என்னும் பெயரே நமக்கு ஒரு போதனை. சொல்லின் பழைய வரலாறு எதுவாயினும், அம்மண்ணில் உறங்கும் இருவரும் அங்கு வாழவே வந்தவர்கள். வார்த்தையானவர் மாம்சமாகி மனிதரிடையே குடிகொண்டார் என யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் சாற்றுகிறது. அவர் வந்து பார்த்துத் திரும்பியதாக அது கூறவில்லை.

சாலை மலைமக்களுக்குப் பெரும் நன்மை. மிளகும் காப்பியும் பலாவும் சந்தைக்கு இறங்குவதும், நோயாளி மருத்துவமனை சேர்வதும் அதனாலேயே. பழைய பாதையின் துன்பத்தை எவரும் விரும்பத் தேவையில்லை. எனினும் ஏறுவது கடினமாயிருந்த நாளில், ஏறியவர் தங்கினார். ஏறுவது எளிதான இந்நாளில், காலையில் ஏறி ஆராதனை நடத்தி மாலையில் இறங்கிவிடும் ஊழியம் நமக்குப் போதுமெனத் தோன்றக்கூடும். பூசாரியின் நோய்ப்படுக்கை எந்த நாளில், எந்த இரவில் நேரிடும் என்பதை எவரும் முன்குறித்து வைக்க இயலாது. அவ்விரவில் மலைமேல் இருந்தவர்களே அவருக்கு அயலார் ஆனார்கள். எழுபது வளைவுகளையும் கடந்து செல்லும் திருச்சபை, அங்கு எத்தனை நாள் தங்குகிறது என்பதே அதன் அருட்பணிக்கு அளவுகோலாகும்.