இரண்டாம் தளத்துக்கு வழி: அமெரிக்க வணிக வளாகங்களும் அணுகல் உரிமையும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எடைனா என்னும் ஊரில் 1956 அக்டோபரில் திறக்கப்பட்ட சவுத்டேல், முழுவதும் கூரையிட்டு உள்ளே தட்பவெப்பத்தைச் சீராக வைத்திருந்த முதல் பெரிய வணிக வளாகமாகக் கருதப்படுகிறது. வியன்னாவிலிருந்து குடியேறிய கட்டடக் கலைஞர் விக்டர் குரூயன் கடைகளை இரண்டு தளங்களில் அடுக்கி, கார் நிறுத்துமிடத்தையும் இரு மட்டங்களில் அமைத்ததால், வாடிக்கையாளர் எந்தத் தளத்துக்கும் வெளியிலிருந்தே நுழைய முடிந்தது. உள்ளே தளங்களை எஸ்கலேட்டர் எனப்படும் நகரும் படிக்கட்டு இணைத்தது. வாங்க வருபவர் களைப்படையாமல் நெடுநேரம் உலவ வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். ஆயினும் நடப்பவரின் களைப்பைக் குறைத்த அதே நகரும் படிக்கட்டு, சக்கர நாற்காலியில் வருபவருக்கு முற்றிலும் பயனற்றது. அக்காலத்து வணிகம் தன் வாடிக்கையாளராக மனத்தில் கொண்டிருந்தவர் யார் என்பதை இது தெளிவாகவே காட்டுகிறது.

மாற்று வழி அப்போதே அறியப்படாமல் இருக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில், போரிலிருந்து உடல் ஊனத்துடன் திரும்பிய வீரர்களுக்காக வழக்கறிஞர் ஜாக் ஃபிஷர் வாதாடியதன் பயனாக, 1945இல் கடைவீதியின் சில முனைகளில் நடைபாதையின் விளிம்பு சரிவாக்கப்பட்டது. 1961இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் டிமத்தி நூஜென்ட் தலைமையில் உருவான, கட்டடங்களின் அணுகல் வசதிக்கான முதல் தேசியத் தரநிலை, கதவின் திறப்பு 32 அங்குலத்துக்குக் குறையாமலும், சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று அளவுகளை வகுத்தது, ஆனால் அதைப் பின்பற்றுவது கட்டுபவரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. 1968ஆம் ஆண்டின் கட்டடத் தடைகள் சட்டமும் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டமும் கூட்டாட்சி அரசின் கட்டடங்களையும் அதன் நிதி பெற்றவற்றையுமே கட்டுப்படுத்தின. சில மாநிலங்கள் தம் கட்டட விதிகளைத் திருத்திக்கொண்டாலும், தனியார் பணத்தில் எழுந்த வணிக வளாகம் நாடு தழுவிய சட்டத்துக்கு வெளியிலேயே நின்றது.

1990 மார்ச்சில் மாற்றுத்திறனாளிகள் பலர் சக்கர நாற்காலிகளை விட்டிறங்கி, வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் படிகளில் தவழ்ந்து ஏறினர். அவ்வாண்டு ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு வணிக வளாகங்களின் வரலாற்றுக்கு மிக முக்கியமானது. மூன்று தளங்களுக்குக் குறைவான கட்டடங்களுக்கும், தளம் ஒன்றுக்கு 3,000 சதுர அடிக்குக் குறைவானவற்றுக்கும் லிப்ட் கட்டாயமில்லை என்று விலக்களித்த சட்டம், வணிக வளாகங்களுக்கு அவ்விலக்கு பொருந்தாது என்றது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனைக் கடைகள் சேர்ந்திருப்பதே இங்கு வளாகம் எனப்பட்டது. சவுத்டேல் முன்மாதிரியாக நிறுவிய இரண்டு தள அமைப்பு நாடெங்கும் பரவியிருந்த நிலையில், இந்த ஒரு வரி இல்லையெனில் சட்டத்தின் பயன் கீழ்த்தளத்தோடு முடிந்திருக்கும்.

பழைய வளாகங்களைப் பொறுத்தவரை, பெருஞ்செலவோ பெருஞ்சிரமமோ இன்றி நீக்கக்கூடிய தடைகளை மட்டும் நீக்கினால் போதும் என்று சட்டம் தளர்வு காட்டியது. இவ்வாறு பின்னர் ஒட்டவைக்கப்படும் சாய்தளம் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒதுக்கப்பட்டு, அதைப் பயன்படுத்துபவரையும் ஒதுக்கிவிடுகிறது. சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்ட வட கரோலைனாக் கட்டடக் கலைஞர் ரான் மேஸ் முன்வைத்த அனைவருக்குமான வடிவமைப்பு என்னும் கொள்கை, எவருக்கும் தனி வழி தேவைப்படாதவாறு முதலிலேயே கட்டுவதை வலியுறுத்தியது; 1997இல் அவரும் சக வல்லுநர்களும் வகுத்த ஏழு நெறிகளில் முதலாவது சமமான பயன்பாடு. சட்டமோ அவ்வளவு தூரம் செல்லவில்லை: 1991இன் தரநிலை பொது வாசல்களில் பாதியாவது அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்றது, 2012 மார்ச்சில் கட்டாயமான புதிய தரநிலை அதை 60 விழுக்காடாக உயர்த்தியது.