ஒரே விளக்கு, அறை முழுக்க நிழல்: கலைஞர் அனிலா கய்யூம் ஆகா

பாகிஸ்தானின் லாகூரில் 1965-ஆம் ஆண்டு பிறந்தவர் அனிலா கய்யூம் ஆகா. ஒளியையும் நிழலையும் கொண்டு கலைப் படைப்புகள் உருவாக்குபவர். லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் படித்தார். பின்னர் அமெரிக்கா சென்று, வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இழைக் கலையில் முதுகலைப் பட்டம் பெற்றார். இண்டியானாபோலிஸில் உள்ள ஹெரான் கலைக் கல்லூரியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார்.

வீட்டுக்குள் பெண்கள் செய்யும் தையல் வேலையைக் கலை என்று பலரும் மதிப்பதில்லை. ஊசி, நூல், காகிதம் ஆகியவற்றைக் கொண்டே ஆகா படைப்புகள் செய்தார்.

2011-இல் ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ரா அரண்மனையைப் பார்த்தது அவருக்குத் திருப்பமாக அமைந்தது. அதன் சுவர்களில் உள்ள வடிவக் கணித வேலைப்பாடு அவரை வியக்க வைத்தது. கூடவே ஒரு மன வருத்தமும் எழுந்தது. அவர் வளர்ந்த சூழலில் பள்ளிவாசல் ஆண்களுக்கான இடமாகவே இருந்தது. பெண்கள் வீட்டில் தொழுதார்கள். அழகும் மக்கள் கூடுகையும் நிறைந்த ஓர் இடத்துக்கு வெளியிலேயே அவர் நின்றிருந்தார்.

இந்த இரண்டு உணர்வுகளிலிருந்தும் பிறந்ததுதான் 'இன்டர்செக்‌ஷன்ஸ்'. லேசர் கதிரால் பூவேலைப்பாடு வெட்டப்பட்ட, ஆறரை அடி மரக் கனசதுரம் அது. அறையின் நடுவே தொங்கும் அதனுள் ஒரே ஒரு விளக்கு. சுவர், தரை, கூரை எங்கும் அந்த வேலைப்பாட்டின் நிழல் படரும். உள்ளே வருபவரின் உடல் மீதும் அது விழும். ஆண், பெண், எந்த மதத்தவர் என்ற பேதம் அந்த அறையில் இல்லை.

2014-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் நடந்த 'ஆர்ட்பிரைஸ்' போட்டியில் பொதுமக்கள் வாக்களித்துத் தரும் முதல் பரிசு இப்படைப்புக்குக் கிடைத்தது. நடுவர் குழுவின் முதல் பரிசையும் இன்னொரு கலைஞருடன் பகிர்ந்துகொண்டது. மொத்தப் பரிசுத்தொகை 3 லட்சம் டாலர்.

நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் பெண்களும் தொழுதார்கள் என்பதை நாம் அறிவோம். இன்று நம் ஊர்ப் பள்ளிகள் சிலவற்றில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு, பலவற்றில் இல்லை. புதிய பள்ளி கட்டும்போது மினாராவின் உயரத்தைப் பேசும் நாம், நம் பெண்கள் தொழ எங்கே இடம் என்பதையும் வரைபடம் போடும்போதே பேசிவிட வேண்டும்.