யார் கொடுத்த புத்தகம்?

நண்பர்கள் நாங்கள் ஆண்டுதோறும் எழுதிவரும் வாசிப்புக் குறிப்பேட்டில் நூல், ஆசிரியர், முடித்த நாள் என்பவற்றோடு 'யார் சொன்னது' என்றொரு கட்டமும் உண்டு. எங்களுக்கு அதுதான் முக்கியம்.

பள்ளி மாணவரான அம்பேத்கர் தேர்வில் தேறியதைப் பம்பாயில் கொண்டாடியபோது, கேலுஸ்கர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குக் கொடுத்தார். 1956 நாக்பூரைப் பற்றி எழுதுவோர் பலர் அந்தக் கொடுத்த கையைச் சொல்வதில்லை.

அயோத்திதாசப் பண்டிதர் நமக்கு வந்து சேர்ந்ததும் கைமாறித்தான். 1907இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார் (விலை பெயரிலேயே இருக்கிறது). 1914இல் மறைந்தார். அன்பு பொன்னோவியம் போன்றோர் பழைய இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான், ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது. இடையில் 85 ஆண்டுகள்!

எங்களில் ஒருவருக்கும் பள்ளியோ கல்லூரியோ அவரைச் சொல்லித்தரவில்லை. முதுகலைச் சமூகவியல் வகுப்பில்கூட அவர் பெயர் வரவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினால், அந்தத் தொகுதிகளுக்கு எதிரே ஒவ்வொருவரும் எழுதியிருப்பது இன்னொரு நண்பரின் பெயரை. இந்த ஆண்டு அவை நான்காவது கைக்குப் போயிருக்கின்றன.