டங்கன், எல்லிஸ் ஆர்.

எல்லிஸ் ஆர். டங்கன் (1909–2001): தமிழ்த் திரைப்பட இயக்குநர், ஆவணப்பட இயக்குநர். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்று, உடன் படித்த எம். எல். டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியா வந்தார். எம். ஜி. ஆர்., டி. எஸ். பாலையா ஆகியோர் அறிமுகமான 'சதிலீலாவதி' (1936) இவரது முதல் தமிழ்ப் படம். தமிழ் தெரியாத இவர், வசனங்களை உதவியாளர்கள் துணையோடு புரிந்துகொண்டே 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா' ஆகியவற்றை இயக்கினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக இயக்கியவை 'பொன்முடி', 'மந்திரி குமாரி' (1950). மு. கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'யிலிருந்து டங்கன் இடையில் விலகியதால், எஞ்சிய பகுதியை மாடர்ன் தியேட்டர்ஸ் உரிமையாளர் டி. ஆர். சுந்தரம் முடித்தார், இயக்குநர்களாக இருவர் பெயரும் இடம்பெற்றன. அமெரிக்கா திரும்பிய டங்கன், மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் தங்கி ஆவணப்படங்கள் எடுத்தார்.