நிறைந்த பீப்பாய்களின் வறுமை

விளைவு குன்றியதால் மக்கள் பசியில் வாடிய வரலாறுகளை நாம் நன்கறிவோம். விளைவு பெருகியதாலேயே ஒரு நாட்டுப்புறம் முழுவதும் பட்டினிக்கு ஆளான வரலாறு நமக்கு அத்துணைப் பழக்கமானதன்று. பிரான்சு நாட்டின் தெற்கே, மத்தியதரைக் கடலோரமாகப் பரந்து கிடக்கும் லாங்குதோக் சமவெளியில் 1907ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது.

ஒரு காலத்தில் அச்சமவெளியில் கோதுமையும் ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் அருகருகே வளர்ந்தன. 1850களில் புகைவண்டிப் பாதை அமைந்து தென்னாட்டைப் பாரிசு நகருடன் இணைத்தது. வடக்கின் ஆலைத் தொழிலாளர் மலிவான திராட்சை இரசத்தை வேண்டினர். தெற்கின் குடியானவர் கோதுமை வயலையும் கொடித் தோட்டமாக்கினர். உண்ணும் ரொட்டியைக்கூட விலைக்கு வாங்கவேண்டிய நிலை அன்றே தொடங்கிற்று.

இந்நிலையில் அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து வந்தது பிலாக்சரா எனும் மிகச் சிறு பூச்சி. 1863ஆம் ஆண்டளவில் கார் மாவட்டத்துத் தோட்டங்களில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. மோன்பெலியே நகரின் அறிஞர் பிளாஞ்சோனும் அவர்தம் துணைவரும் 1868இல் ஒரு வேரைத் தோண்டிப் பார்த்து, அதில் மொய்த்திருந்த மஞ்சள் நிறப் பூச்சியைக் கண்டறிந்தனர். மருந்து கண்டுபிடிப்பவர்க்கு 3,00,000 பிராங்கு பரிசென அரசு அறிவித்தது. அப்பரிசை எவரும் பெறவில்லை. இறுதியில் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே வழியாயிற்று. நோய் வந்த திசையிலிருந்தே மருந்தும் வந்தது. அதற்குள் 1875இல் 8 கோடியே 40 இலட்சம் ஹெக்டோலிட்டர் அளவில் இருந்த பிரான்சின் திராட்சை இரச விளைவு, 1889இல் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்.)

குடிப்போர் எண்ணிக்கை சுருங்கவில்லை என்பதை நாம் கருதவேண்டும். வணிகர் உலர்ந்த திராட்சையை இறக்குமதி செய்து நீரில் ஊறவைத்தனர். பிழிந்த சக்கையில் சர்க்கரையும் நீரும் கலந்து மீண்டும் புளிக்கவைத்தனர். அன்று பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவிலும் பெருந்தோட்டங்கள் எழுந்தன. அங்கிருந்து வந்த மதுவுக்குச் சுங்கம் இல்லை. பற்றாக்குறைக் காலத்தில் கற்ற வித்தைகளை மிகுதிக் காலத்தில் யாரும் மறந்துவிடவில்லை.

தென்னாட்டுக் குடியானவர் கடன் வாங்கி ஒட்டுக்கொடிகளை நட்டனர். கடனை அடைக்க மிகுதியாகக் காய்க்கும் கொடி வேண்டும். அராமோன் எனும் வகை, வளமான சமவெளி மண்ணில் எக்டேருக்கு 200 ஹெக்டோலிட்டர்கூடக் கொடுத்தது. அந்த இரசமோ வெளிறிய நிறமும் மென்மையான வீரியமும் உடையது. 1900ஆம் ஆண்டில் நாட்டின் விளைவு 6 கோடியே 70 இலட்சம் ஹெக்டோலிட்டரைத் தொட்டது. விலை 10 பிராங்குக்கும் கீழே சரிந்தது. 1903இல் சர்க்கரை மீதான வரியை அரசு குறைத்தபோது, பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் வடபுலத்து ஆலையதிபர்கள் மகிழ்ந்தனர். தெற்கிலோ, போலி மதுவுக்கு அரசே கதவு திறந்ததென்ற கொதிப்பு மூண்டது. நிலக்கிழாருக்குக் கடன் முற்றியது. கூலியாளுக்குக் கூலி குறைந்தது. ரொட்டிக் கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொள்ள மறுத்தனர்.

அர்ஜெலியே என்பது நார்போன் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர். அவ்வூரில் சிறு தோட்டமும் சிற்றுண்டிச் சாலையும் வைத்திருந்த மார்செலன் அல்பேர் என்பவர், 1907 மார்ச்சு 11 அன்று 87 பேருடன் நார்போனுக்கு நடந்து சென்று, அங்கு வந்திருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிட்டார். பின்னர் ஞாயிறுதோறும் கூட்டங்கள். மே 5இல் நார்போன், அடுத்து பெசியே, பெர்பிஞான், கார்க்காசோன், நீம் என ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் பெருகி, ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் 5,00,000க்கு மேற்பட்டோர் திரண்டனர். முதலாளியும் கூலியாளும், முடியாட்சியை விரும்பியவரும் சமவுடைமையரும் ஒரே அணியில் நடந்தனர்.

அந்நாளின் ஒரு செயலை நாம் விரைந்து கடந்துசெல்ல இயலாது. திருச்சபையையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் காயம் இன்னும் ஆறாதிருந்த காலம் அது. கோவில் உடைமைகளைக் கணக்கெடுக்க அரசு அலுவலர் வந்தபோது எழுந்த கைகலப்புகளுக்கு ஓராண்டுதான் ஆகியிருந்தது. மோன்பெலியே ஆயர் தெ கப்ரியேர் முடியாட்சியில் பற்றுறுதி கொண்டவர்; ஊர்வலத்தில் வந்தோருள் பலர் குருக்களைக் கண்டாலே முகம் திருப்பும் குடியரசுவாதிகள். அன்றிரவு தங்க இடமின்றித் தவித்த மக்களுக்கு ஆயர் கோவில்களைத் திறந்துவிட்டார். அவர்கள் ஆலயத்தினுள் படுத்துறங்கினர். இதனை அரசியல் கணக்கு என்று சொன்னவர்களும் உண்டு. கணக்காகவே இருந்திருப்பினும், அன்றிரவு பிள்ளைகள் கூரையின் கீழ் உறங்கின.

பின்னர் நிகழ்ந்தவை கசப்பானவை. நூற்றுக்கணக்கான நகரத் தலைவர்கள் பதவி துறந்தனர். வரிகொடா இயக்கம் தொடங்கிற்று. முதலமைச்சர் கிளெமான்சோ படையை அனுப்பினார். நார்போனின் நகரத் தலைவரும் சமவுடைமையருமான ஃபெரூல் சிறைப்பட்டார். ஜூன் 19, 20 ஆகிய நாள்களில் அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாண்டோருள் 20 வயது இளம்பெண் ஒருத்தியும் இருந்தாள். செய்தி கேட்ட 17ஆம் காலாட்படையின் வீரர் ஏறத்தாழ 500 பேர், தாமும் அந்தக் குடியானவரின் பிள்ளைகளே என்பதால், ஆணையை மீறிப் பெசியே நகருக்கு நடந்தனர். பின்னர் அவர்கள் துனீசியாவின் கஃப்சாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அல்பேர் தலைமறைவாகப் பாரிசு சென்று, ஜூன் 23 அன்று கிளெமான்சோவையே நேரில் கண்டார். அமைதியை நிலைநாட்டுமாறு கூறிய முதலமைச்சர், ஊர் திரும்பும் வண்டிச் செலவுக்கென 100 பிராங்கு தாளொன்றைக் கொடுத்தார். அல்பேர் பெற்றுக்கொண்டார். கிளெமான்சோ இதழாளராக வாழ்ந்தவர். அத்தாளின் கதையைச் செய்தியாளருக்குச் சொல்லிவிட்டார். தம் மக்களிடம் திரும்பிய அல்பேருக்கு விலைபோனவர் என்ற பெயரே மிஞ்சியது. அவர் 1921இல் வறுமையில் இறந்தார். 100 பிராங்குக்கு ஒருவர் இத்தனை இலட்சம் மக்களை விற்றிருப்பாரா என எவரும் அன்று நிதானித்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜூன் 29இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு குடியானவரும் தம் அறுவடை அளவையும் இருப்பையும் அறிவிக்கவேண்டும். கலப்படத்திற்கான சர்க்கரைக்குத் தனி வரி. அவ்வாண்டு செப்டம்பரில் வந்த ஆணை, புதிய திராட்சையோ அதன் சாறோ புளித்து உண்டாவதே திராட்சை இரசம் என வரையறுத்தது. பீடத்திற்கான இரசம் கொடியின் கனியினின்று வந்த இயற்கையானதாக, கெடாததாக இருக்கவேண்டும் என்னும் திருச்சபையின் விதியை அறிந்த நமக்கு இவ்வரையறை புதிதன்று.

எனினும் குற்றவாளியை மக்கள் சரியாக அடையாளம் கண்டனரா? போலி மது உண்மையாகவே இருந்தது. ஆனால் சந்தையில் அதன் பங்கு சிறிதே என்பது பின்வந்த வரலாற்றாசிரியரின் கணிப்பு. விலையை வீழ்த்தியது பெரும்பாலும் அராமோன் கொடிகளே. கலப்படம் செய்யும் வணிகனுக்கு எதிராக முழக்கமிடலாம். தன் தோட்டத்துக் கொடிக்கு எதிராக எவர் முழக்கமிடுவார்? மிகையான விளைவைத் தொடும் சட்டத்திற்கு 1930கள் வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. இடையில் வந்த உலகப் போரில் போர்வீரரின் நாள்படி மதுவுக்காக அரசே வாங்கியதால் கொஞ்ச காலம் விலை நின்றது.

இன்றைய நெருக்கடி வேறு திசையிலிருந்து வருகிறது. 1960இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் அருந்தினார். இப்போது அதில் பாதியும் இல்லை. இளையோர் பீரையோ, மது கலவாத பானத்தையோ நாடுகின்றனர். 2023இல் விற்காத இரசத்தைக் காய்ச்சி வடித்துத் தொழிற்சாலை ஆல்ககாலாக்க 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. 2024இல் கொடிகளை வேரோடு பிடுங்குவோர்க்கு எக்டேருக்கு 4,000 யூரோ தர அரசு முன்வந்தது. பிலாக்சராவிடமிருந்து கொடிகளைக் காக்க அன்று பரிசு அறிவித்த அதே நாட்டில், கொடிகளைப் பிடுங்குவதற்குக் குடியானவர் விண்ணப்பம் எழுதி நின்றனர்.